ஸ்டாப்பர் லோகுவின் மகன்

முட்டியைப் பார்க்காதே, பந்தைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேலரியின் நான்காவது படியில் உட்கார்ந்திருக்கிறேன், கண் கேட்க மாட்டேன் என்கிறது, பந்து எங்கே போனாலும் அது அந்தப் பையனின் வலது முட்டிக்கே வந்து நிற்கிறது, கறுத்து, உருண்டையாக, வேர்வையில் மினுங்கும் முட்டி, அவன் ஓடும்போது அதன் மேலிருக்கும் சில்லு மேலும் கீழும் வழுக்குவது இங்கிருந்தே தெரிகிறது. இருபது வயது. பெயர் திலீபன். ஆறடிக்கு ஒரு விரல் கூட. எங்கள் மரக்கிடங்கு டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் ஸ்டாப்பர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று வருகிறவனை எல்லாம் தடுத்து நிறுத்த வேண்டியவன். சீசன் பாதியில், எங்கள் டீமைப் பார்த்துக்கொள்ளும் அன்வர் அவனைக் கொக்குமேடு டீமிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான், ஹார்பரில் ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்து. நாளைக்கு அரையிறுதி, அதே கொக்குமேட்டோடு, அவர்கள் மைதானத்தில். இன்றைக்கு சனிக்கிழமை சாயங்காலம், எங்களுக்குள் ரெண்டாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம். படியில் எப்போதும் உட்காரும் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, இவன் தேறுவானா மாட்டானா என்று நாலரை மணியிலிருந்து அடித்துக்கொள்கிறோம். அவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். நான் முட்டியைப் பார்க்கிறேன்.

கஜபதிக்குப் பையனைப் பிடிக்கவில்லை. கஜபதி ஆட்டோ ஓட்டுகிறவன், முப்பது வருஷமாக இந்தப் படியை விட்டு இறங்காதவன், அவன் வாய் திறந்தால் எலும்பு முறியும் சத்தம்தான் வரும். பையன் பந்தைப் பார்த்து ஆடுகிறானாம், ஆளைப் பார்த்து ஆடவில்லையாம், ஸ்டாப்பர் என்றால் எதிரில் வருகிறவனுக்கு வயிறு கலங்க வேண்டுமாம். அன்வர் செல்போன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான், தான் கொண்டுவந்த ஆள் என்பதால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான்: பையன் பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே அறிந்து போய் நிற்கிறான், அப்படி நிற்கிறவனுக்கு யாரையும் அடிக்கத் தேவையில்லை. அதற்குக் கஜபதி, நிற்கிறதுக்கு லைட்டுக் கம்பம் போதுமே என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரிக்கும்போது கை என் தொடையை இறுக்கிப் பிடித்திருக்கிறது, இந்தக் கை, நாற்பத்து நாலு வயசுக் கை, பகலெல்லாம் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் லீவரைப் பிடித்துத் தேய்ந்த கை. விரலைப் பிரிக்கிறேன். அது மறுபடியும் மூடிக்கொள்கிறது.

பையனைக் கூட்டிவந்த அன்றைக்கு அன்வர் பதிவுப் படிவத்தை என்னிடம்தான் கொடுத்தான், எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பையனிடம் பெயர் கேட்டேன், சொன்னான். பிறந்த தேதி கேட்டேன், சொன்னான். அப்பா பெயர் கேட்டேன். லோகநாதன் என்றான். ஊரில் எத்தனையோ லோகநாதன் இருப்பார்கள் என்றுதான் எழுதினேன், ‘தன்’ எழுதும்போது பேனா நின்றது, அப்பாவும் ஃபுட்பாலரா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். ஆமாண்ணா, பழைய ஜெட்டி, அந்தப் படகுத்துறை டீம், ஸ்டாப்பர், நான் பொறந்த புதுசுல லாரி மேல இருந்து விழுந்து கால் போயிடுச்சு, அதுக்கப்புறம்தான் கொக்குமேட்டுக்கு வந்துட்டோம் என்றான். லாரி. அந்தச் சொல்லை அவன் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். நான் மிச்சத்தை எழுதி முடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூன்று வாரமாக எனக்குச் சோறு தொண்டையில் நின்றுதான் இறங்குகிறது. ஜெசிந்தா கேட்டாள், உனக்கு என்ன ஆச்சு என்று. வாயுக்கோளாறு என்றேன். என் மனைவிக்கே தெரியாது, கல்யாணத்துக்கு முந்தின கதை, ஆனால் இந்தப் படியில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், அவர்கள் அதை என் பட்டம் போலச் சொல்லித் திரிகிறார்கள். லோகுவின் முழுப்பெயரும், அவனுக்குப் பிள்ளை இருந்ததும் மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். பிள்ளை இருக்கிறது என்று லோகுவே சொன்னான். ரயில்வே கிரவுண்டில் பழைய ஜெட்டியோடு இறுதி ஆட்டம், பத்தொன்பது வருஷத்துக்கு முன், எனக்கு இருபத்தைந்து. லோகு எங்கள் ஃபார்வர்டைத் தூக்கிப் போட்டான், ரெஃப்ரி விசில் ஊதவில்லை, ஒன்றுக்குச் சைபரில் தோற்றோம். முதல் கல் யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. கல் ஒன்று விழுந்ததும் மைதானம் முழுக்கக் கல்தான், பாட்டில்தான், ஒரு கிழவரின் காது பாதி தொங்கியது, யாரோ ஒருத்தனை நாலு பேர் தரையில் போட்டு மிதிக்கும்போது அவன் பல் என் செருப்புக்குக் கீழே நொறுங்கியதை உள்ளங்காலில் உணர்ந்தேன், கூழாங்கல் மாதிரி. கார்னரில் கொடி கட்டியிருந்த பைப்பைப் பிடுங்கியது நான். ஏன் பிடுங்கினேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், அது கைக்கு வந்தது, அவ்வளவுதான். லோகு நெற்றியில் கல் பட்டு, கண்ணில் ரத்தம் வழிய, வழி தெரியாமல் எங்கள் பக்கமே ஓடி வந்து விழுந்தான். மல்லாந்து கிடந்து கையைத் தூக்கினான். வீட்ல கொழந்த கீதுப்பா என்றான். கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது, ஏனென்றால் நான்தான் அவ்வளவு கிட்டே நின்றேன். பைப்பு கீழே இறங்கியபோது வந்த சத்தம் காய்ந்த தென்னை மட்டையை ஒடிப்பது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை, ஈரமாக இருந்தது. அந்த ஆட்டத்தோடு பழைய ஜெட்டி டீம் கலைந்தது. போலீஸ் பதினெட்டு பேரைப் பிடித்தது, அதில் நான் இல்லை.

அந்தக் குழந்தைதான் இப்போது பந்தை நெஞ்சில் வாங்கிக் காலில் போடுகிறது.

ஜெர்ரிக்குச் சொல்லுடா, முட்டியில போடச் சொல்லு, தாங்குறானா பாக்கலாம் என்கிறான் கஜபதி, எழுந்து நின்று கையை வாயில் குவித்துக் கத்துகிறான். ஜெர்ரி எங்கள் ஃபார்வர்ட், எதைச் சொன்னாலும் செய்கிறவன். அடுத்த பந்துக்கு அவன் கால் உயர்ந்து வருகிறது, பூட்டின் ஆணிகள் தெரிய, நான் கண்ணை மூடவில்லை, உள்ளே ஏதோ ஒன்று ‘போடு’ என்கிறது. நானா சொன்னேன்? நான்தான். போடு, முறியட்டும், இன்றைக்கே இங்கேயே முறிந்துவிட்டால் அவன் கொக்குமேட்டுக்கே போய்விடுவான், அப்பனைக் கூட்டிக்கொண்டு இந்த மைதானத்துக்கு வர மாட்டான், என் கண்முன் வளர மாட்டான். ஆணி அவன் கெண்டைக்கால் தசையில் கோடு இழுத்தது. விழுந்தான். மண்ணில் ஒரு புரளல். எழுந்தான். ஜெர்ரியை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் சாக்ஸை மேலே இழுத்து ரத்தத்தை மூடிவிட்டுத் தன் இடத்துக்கு நடந்தான். பாத்தியா என்றான் அன்வர். பாத்தேன், பயந்தாங்கொள்ளி என்றான் கஜபதி, திருப்பி அடிக்காதவன் ஸ்டாப்பரா, நாளைக்குக் கொக்குமேட்டானுங்க விட்டுட்டுப் போனவன்னு கொலவெறியில இருப்பானுங்க, இவன அங்கயே பொதச்சு அனுப்புவானுங்க.

அப்போதுதான் எங்களுக்கு ரெண்டு படி கீழே உட்கார்ந்திருந்த ஆள் திரும்பி மேலே பார்த்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. வழுக்கை, தடித்த கண்ணாடி, கன்னம் ஒட்டிப்போய், மடியில் ஒரு துணிப்பை. யாரோ வழிப்போக்கர், ஆட்டம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார் என்று எவனும் நினைப்பான். என் பார்வை கீழே இறங்கியது. இடது கால் படியில் மடங்கியிருந்தது. வலது கால் மடங்கவில்லை. அடுத்த படிக்கு மேலாக, கதவுக்கு முட்டுக்கொடுத்த கட்டை போல நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்விடு. எழுந்து போ. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போ. உட்கார்ந்தே இருந்தேன். நாக்கு உப்புக் கரித்தது, கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்திருக்கிறேன் போலிருக்கிறது. கஜபதி அந்த ஆளைப் பார்த்துவிட்டான். புதுக் காது கிடைத்தால் அவன் விட மாட்டான். சார் நீங்க எந்த ஏரியா, ஆட்டம் தெரியுமா என்றான். கொஞ்சம் தெரியும் என்றார் அவர். அப்ப சொல்லுங்க, இந்தப் பையன் எப்படி? அவர் மைதானத்தைப் பார்த்தார். அவசரப்படாம இருக்கான், அதுவரைக்கும் நல்லது என்றார். அது பத்தாது சார், எங்க காலத்துல ஸ்டாப்பர்னா, பழைய ஜெட்டியில லோகுன்னு ஒருத்தன் இருந்தான் என்று கஜபதி ஆரம்பித்தான்.

அவன் வாயைப் பொத்த வேண்டும். அவன் தலைமயிரைப் பிடித்து இந்த சிமென்ட் விளிம்பில் ஒரு இடி. மூக்கு உள்ளே போகும் வரை. நான் அதைச் செய்து முடித்துவிட்டேன், அவன் படியில் சரிந்து ரத்தம் கீழே கீழே ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்துவிட்டேன், ஆனால் அவன் பேசிக்கொண்டே இருக்கிறான், நான் உட்கார்ந்துகொண்டே இருக்கிறேன். லோகு எப்படி ஆடுவான் என்று சொல்கிறான், நன்றாகவே சொல்கிறான், மூணு பேர் வந்தாலும் ஒருத்தனும் தாண்ட முடியாது, மலை, நிஜமாவே மலை. அந்த மலையைச் சாய்ச்சது யாரு தெரியுமா, என்று என் தோளில் கை போட்டு என்னை உலுக்கினான். இதோ, எங்க எபி. எபிநேசர். பைப்பால ஒரே அடி சார். முட்டி தூளாப் போச்சு. அதுக்கப்புறம் அந்த ஆள் கிரவுண்டு பக்கமே வர்ல. படியில் சிலர் சிரித்தார்கள். அன்வர் சிரிக்கவில்லை, அதெல்லாம் எதுக்கு இப்ப என்றான். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. கோபம் என்று சொல்ல எதுவும் இல்லை அதில், கோபம் இருந்திருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். ஓகோ, என்றார். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு மடிப்பு. ஒரு மரு. எவ்வளவு மெல்லிய கழுத்து என்று தோன்றியது, சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். உயரமாக ஒரு பந்து வந்தது, திலீபனும் ஜெர்ரியும் சேர்ந்து எம்பினார்கள். பந்து பையனின் நெற்றியில் பட்டுப் போய்விட்டது, தலை போன வேகத்தில் ஜெர்ரியின் முகத்தில் இறங்கியது. இந்த முறை மட்டை ஒடியும் சத்தம். ஜெர்ரி முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான், விரலிடுக்கில் ரத்தம் குபுகுபுவென்று வந்து, சட்டையெல்லாம் நனைந்து, பிறகு அவன் கையை எடுத்தபோது மூக்கு ஒரு பக்கமாகப் போயிருந்தது. படி மொத்தமும் எழுந்து நின்றது. கஜபதி துண்டை எடுத்துச் சுழற்றினான், இதாண்டா, இவன்தான்டா நம்ம ஆளு என்று தொண்டை கிழியக் கத்தினான். விசில் பறந்தது. விவாதம் தீர்ந்துபோயிற்று. ஒன்றரை மணி நேரம் பந்தைத் தடுத்து அவன் வாங்க முடியாததை ஒரு மூக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது. கீழே திலீபன் ஜெர்ரியின் தலையைத் தன் மடியில் தாங்கி, தன் ஜெர்சியைக் கழற்றி மூக்கில் அழுத்திக்கொண்டு, தண்ணி, தண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், நிமிர்ந்து எங்களைப் பார்த்தான், இவர்கள் எதற்காகக் கூத்தாடுகிறார்கள் என்று புரியாத முகம். அவனுடைய அப்பாவும் எழுந்திருந்தார். அவர் கை தட்டவில்லை. அவர் மைதானத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக, எண்ணுவது போல.

ஜெர்ரியை அன்வர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், கஜபதிதான் ஓட்டினான். மற்றவர்கள் கலைந்தார்கள். நான் வண்டியருகே போய்ச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன், சாவி கையிலேயே இருந்தது. எபிண்ணா, என்று பின்னால் குரல். திலீபன், ஈரத் தலையோடு, பக்கத்தில் அவர். அண்ணா, எங்கப்பா, ஆட்டம் பாக்க வந்தாரு, அன்வர் அண்ணா என்னையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டுப் போயிருக்காரு, அப்பாவை மட்டும் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் விட்டுடுறீங்களா, அவரால அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றான். நான் அவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சரி போலாம் என்றார்.

அவர் ஏறி உட்கார நேரம் பிடித்தது. மடங்காத காலை வெளியே நீட்டியபடிதான் உட்கார முடிந்தது, எதிரில் வரும் வண்டி எதிலாவது அது மோதிவிடும் போலிருந்தது, நான் முதல் கியரிலேயே ஓரமாகப் போனேன். தோளில் அவர் கை. இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பையில் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. முதுகு முழுக்க ஒரே கண்ணாக ஆகிவிட்டது எனக்கு. இப்போது குத்தினால் விலாவுக்குக் கீழே குத்துவார். அல்லது கழுத்தில். ஒரு லாரி உரசிக்கொண்டு போனது, நான் வண்டியைக் கொஞ்சம் வலது பக்கம் ஒடித்தால் போதும், அந்தக் கால் மறுபடியும், இல்லை, இல்லை, என்ன மனுஷன் நான், இடது பக்கம் ஒடித்து ஓரத்திலேயே போனேன், வண்டி ஆடியது. மெதுவா போ என்றார் காதருகில். பிறகு, பாலத்தின் ஏற்றத்தில், அதே குரலில், ஒரு அடி இல்ல, மூணு என்றார்.



“மொத அடிக்கு வலியே தெரியல. ரெண்டாவதுல முட்டி போயிடுச்சு, அது எனக்கே தெரிஞ்சுது, உனக்கும் தெரிஞ்சிருக்கும். மூணாவது எதுக்குப்பா?”

மூன்றாவது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை, கஜபதி ஒரே அடி என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாலத்தின் மேல் காற்று அடித்தது, கீழே கூட்ஸ் வண்டி ஒன்று போனது. பொய் சொல்ல நேரம் இருந்தது, வெறி, வயசு, தண்ணி போட்டிருந்தேன் என்று. தண்ணி போட்டிருக்கவில்லை. இரண்டாவது அடிக்குப் பின் நான் தலை நிமிர்ந்தேன். சுற்றி வட்டமாக நின்றார்கள். எல்லா முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன் அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை.

“எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்கண்ணா,” என்றேன்.

தோளில் இருந்த கை இறுகியது. எலும்பில் விரல் பதிந்தது. அப்படியே பிடித்திருந்தார், இறக்கம் முழுக்க. பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினேன். இறங்கி, நிழற்குடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வண்டியில் இருந்து இறங்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை.

“அவனுக்குத் தெரியாது,” என்றார். “லாரின்னு சொல்லி வளத்திருக்கேன். உண்மையச் சொல்லியிருந்தா இந்நேரம் அவனும் கையில எதையாவது தூக்கிக்கினு திரிஞ்சிருப்பான். நீயும் சொல்லாத.”

சரி என்றேன். அவர் வெயில் போன ரோட்டைப் பார்த்துக்கொண்டு, நாளைக்குக் கொக்குமேட்டில் என்ன நடக்கும் என்று சொன்னார். ஒரு வாரமாக அங்கே டீக்கடையில் அதுதான் பேச்சாம். விட்டுட்டுப் போனவன் முழுக் காலோடு திரும்பிப் போகக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்களாம், அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மைதானத்திலிருந்து ரோட்டுக்கு ஒரே ஒரு சந்துதான், ரெண்டு பக்கமும் சுவர். பையனிடம் ஆடாதே என்று கேட்டுப் பார்த்துவிட்டார். கேட்க மாட்டேன் என்கிறான். இன்றைக்கு வந்தது அவன் ஆட்டத்தைப் பார்க்க இல்லை, அவன் கூட யார் இருப்பார்கள் என்று பார்க்கத்தான். பார்த்துவிட்டேன் என்றார்.

“ஆட்டம் முடிஞ்சதும் அந்தச் சந்துல நீ அவன் கூட நடக்கணும்,” என்றார். “வேற யாரும் நடக்க மாட்டாங்க. தூர நின்னு கத்துவாங்க. நீ அவனுக்கு முன்னாடி நட. கையில எதுவும் எடுத்துக்காத. வந்து அடிச்சா வாங்கிக்க.”

அந்தச் சந்தைப் பார்த்தேன், நான் பார்த்தே இராத சந்து, ரெண்டு பக்கமும் சுவர், எதிரில் என்னைப் போலவே இருபத்தைந்து வயதில் ஒருத்தன், கைக்கு வந்ததைப் பிடுங்கிக்கொண்டு, சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. எங்கே விழும் அடி? முட்டியிலா, தலையிலா? எத்தனை? எனக்கு மூத்திரம் முட்டியது. ஜெசிந்தாவிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று யோசித்தேன். சின்னவளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. பயத்தில் உடம்பு எதையெல்லாம் நினைத்துக்கொள்கிறது.

“எத்தனை மணிக்குண்ணா ஆட்டம்?” என்று கேட்டேன். எனக்கே தெரியும் எத்தனை மணி என்று.

“மூணரைக்கு. நீ மூணுக்கே வந்துடு.”

பஸ் வந்தது. கூட்டம். இடது காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து எம்பினார். வலது கால் வெளியே தொங்கியது. ஒரு கையால் பேண்டைப் பிடித்து அதைத் தூக்கி, மூட்டையை ஏற்றுவது போல உள்ளே வைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.